ஃபைலில் இருப்பது எழுத்தின் பெயர் மட்டும்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு இருந்து வாசியுங்கள்.

நோன்புக்கு முந்திய கிழமைகளில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் இருக்கும். "சேர், போன வருசத்து நேர அட்டை ஃபைல் இருக்குது. திகதிய மாத்தத் தொட்டா எல்லாம் இங்கிலீஸ் எழுத்தா வருது." கோயில் திருவிழாக் காலத்தில் தோட்டத்து அண்ணன்மார் இதையே கேட்பார்கள். பரிசளிப்பு விழா நெருங்கினால் அதிபர்மார் கேட்பார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடிவதில்லை. இதற்குப் பின்னால் நானூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த ஃபைல் என்ன என்று பார்ப்போம். போட்டோஷொப் மென்பொருள் 1990 இல் வந்தது. லேயர் என்ற அடுக்கு முறை 1994 இல் வந்த மூன்றாவது பதிப்பில்தான் சேர்ந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து பார்ப்பது போல. அடியில் தேயிலை மலைப் படம், அதற்கு மேல் பள்ளிவாசல் படம், அதற்கு மேல் தலைப்பு, அதற்கு மேல் திகதி. ஒவ்வொன்றையும் தனித்தனியே நகர்த்தலாம், மாற்றலாம். அதனால்தான் ஒரே ஃபைலை வருடா வருடம் திகதி மட்டும் மாற்றிப் பாவிக்கிறோம்.

எழுத்து லேயருக்குள் மூன்று விடயங்கள் இருக்கின்றன. தட்டச்சிட்ட எழுத்துகளின் வரிசை ஒன்று, எந்த எழுத்துருவில் காட்ட வேண்டும் என்ற பெயர் ஒன்று, கடைசியாகச் சேமித்தபோது அது எப்படித் தெரிந்ததோ அந்தப் படம் ஒன்று. எழுத்துரு, அதாவது நாங்கள் 'பொண்ட்' என்று சொல்வது, அந்த ஃபைலுக்குள் இல்லை. அது டிசைன் செய்தவருடைய கணினியில் இருக்கிறது. ஆகவே ஃபைலை இன்னொரு கணினியில் திறக்கும்போது பழைய படம் இருப்பதால் எல்லாம் சரியாகவே தெரியும். எழுத்து லேயரில் ஒரு சின்ன முக்கோணமும் ஆச்சரியக்குறியும் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. திருத்துவதற்குக் கிளிக் செய்ததும் மென்பொருள் அந்தப் பெயருள்ள எழுத்துருவைத் தேடும். கிடைக்காவிட்டால் வேறொன்றைப் போடும். பார்க்கும் வரை தமிழ், தொட்டால் ஆங்கிலம்.

ஆங்கிலேயனுக்கும் இந்தப் பிரச்சினை வரும். ஆனால் அவனுக்கு எழுத்தின் அழகுதான் மாறும், வாசகம் மாறாது. நமக்கு மட்டும் வாசகமே ஏன் போகிறது? இதற்கு விடை காண ஈய எழுத்துக் காலத்திலிருந்து வர வேண்டும்.

தமிழில் அச்சான பழைய நூல்களில் ஒன்று 'தம்பிரான் வணக்கம்'. 1578 ஒக்டோபர் 20 இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 16 பக்கச் சிறு நூல். கோவாவில் 1577 இல் வார்த்த எழுத்துகளும் கொல்லத்தில் 1578 இல் வார்த்த எழுத்துகளும் அதிலே காட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது, ஆனால் அச்சிட்ட ஈய எழுத்துகள் அடுத்த தலைமுறைகளுக்குக் கைமாறவில்லை. அதனால் நூற்று முப்பது வருடத்துக்குப் பிறகு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியார் தமிழ் அச்சுக்காக மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் எழுத்துகள் 1713 இல் வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் பிடித்தது. பக்கத்திலிருந்த பொறையாறில் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். அதற்கு சீஸ் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கியதாகச் சொல்வார்கள். உண்மையோ கதையோ, எழுத்து இல்லாதவன் படும் பாடு அதில் தெரிகிறது.

நமது நாட்டில், கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மலையகத் தொழிலாளருக்காகக் கோ. நடேசய்யர் 1924 இல் 'தேசபக்தன்' நடத்தினார். 1930 இல் 'வீரகேசரி', 1932 இல் 'தினகரன்'. இவை எல்லாம் ஈய எழுத்தில் கோர்த்தவை. அச்சுக்கோர்ப்பவர் தன் முன்னாலிருக்கும் பெட்டியின் சிறு அறைகளிலிருந்து ஓர் எழுத்தாய் எடுத்து வரியாக அடுக்குவார். அச்சடித்த பிறகு எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறைக்குள் போடுவார். எழுத்து அச்சகத்தின் சொத்து, காகிதம் வாசகனின் சொத்து. அச்சகம் மூடப்பட்டால் எழுத்து பழைய இரும்புக்காரனிடம் போகும். ஆனாலும் காகிதத்தில் 'அ' என்று இருந்தால் அது என்றைக்கும் 'அ' தான்.

நமது முன்னோர் அரபுத் தமிழ் நூல்களைப் பெரும்பாலும் கல்லச்சில் போட்டார்கள். அதிலே எழுத்துருவே கிடையாது. எழுதுகிறவரின் கைதான் எழுத்துரு. கல்லில் படிந்தது அப்படியே தாளில் இறங்கும். அவர் மௌத்தானால் அந்தக் கையெழுத்தும் அவரோடு போய்விடும், நூல் மட்டும் நிற்கும்.

அடுத்து தட்டச்சு இயந்திரம். சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை உருவாக்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அந்தத் தட்டச்சில் விரல்கள் இயல்பாக உட்காரும் நடு வரிசை ய, ள, ன, க, ப, அரவு, த, ம, ட என்று போகும். கச்சேரியிலும் தோட்டத்து ஒபீஸிலும் பத்திரிகைக் காரியாலயத்திலும் எத்தனையோ பேர் அந்த வரிசையை விரலில் ஏற்றி வைத்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி வந்தபோது அதற்குத் தமிழ் தெரியாது. ஓர் எழுத்துருவுக்குள் 256 அறைகள்தான் இருந்தன. அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. நமது ஆட்கள் என்ன செய்தார்கள்? ஆங்கில எழுத்து இருந்த அறைகளிலேயே தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் ஆங்கிலம்தான் தட்டுகிறீர்கள். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துரு போட்ட வேஷம். அப்படி வந்தவற்றில் இலங்கையில் எல்லோருடைய கையிலும் புகுந்தது பாமினி. அது பழைய தட்டச்சு வரிசையைப் பின்பற்றியதால், தட்டச்சுப் படித்தவர் புதிதாக எதையும் படிக்கத் தேவை இருக்கவில்லை. பாமினி வென்றதற்கு எங்கள் பார்வையில் பெரிய காரணம் அதுதான்.

இந்த வேஷத்தைக் கலைத்துப் பார்ப்போம். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. சின்ன ஜே என்றால் 'த', பெரிய ஜே என்றால் 'து'. வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி கணினியில் இருந்தால் தமிழ் 'துமிழ்' ஆகிவிடும். எத்தனை நோட்டீஸில் பார்த்திருக்கிறோம்! நமது ஊர்ப் பெயரையும் சொல்லி விடுகிறோம். மடுல்சீமை என்பது கே, பெரிய எல், வை, அரைப்புள்ளி, ஆர், பெரிய பி, ஐ, கே. கடைசி இரண்டைக் கவனியுங்கள். 'மை' எழுத ஐகாரக் குறியை முதலில் தட்டி, பிறகு 'ம' தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் தட்டுவது தட்டச்சு இயந்திரத்தின் பழக்கம்.

இப்போது முன்னே கேட்ட கேள்விக்கு விடை. ஈயக் காலத்தில் எழுத்து தொலைந்தாலும் வாசகம் காகிதத்தில் நின்றது. பாமினிக் காலத்தில் எழுத்துருவே வாசகத்தின் திறப்பு. திறப்பு இல்லாவிட்டால் உள்ளே இருப்பது கே, எல், வை மட்டும்தான். ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து வருடம் நமது ஊர்களின் எழுத்தெல்லாம் இந்தப் பூட்டுக்குள் போயிருக்கிறது. மீலாத் மலர், தேர்த் திருவிழா நோட்டீஸ், ஜனாஸா அறிவித்தல், அந்தியேட்டி அழைப்பு, பாடசாலைச் சிறப்பு மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், எல்லாமேதான்.

யூனிகோட் இதற்கு முன்பே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். ஆம், 1991 இல் வெளிவந்த முதல் யூனிகோட் பதிப்பிலேயே தமிழுக்கு 128 அறைகள் கொடுத்தார்கள். அங்கே 'ம' எந்த எழுத்துருவிலும் 'ம' தான். ஆனால் வீட்டுக் கணினிக்கு அது வரக் காலம் பிடித்தது. விண்டோஸ் 2000 உடன் லதா என்ற யூனிகோட் எழுத்துரு வந்தது. இதற்கிடையில் உலகத் தமிழர் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார், 1999 இல் சென்னையில் மாநாடு கூடி தமிழ்99 விசைப்பலகை வந்தது. நம் நாட்டிலும் தமிழ்க் குறியீட்டுக்குத் தரநிர்ணயம் செய்தார்கள். ஆனால் டிசைன் செய்கிறவர் பாமினியை விடவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகள் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோர்க்கவில்லை. 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் சிதறும். கூலிக்கு வேலை செய்கிறவன் வாடிக்கையாளருக்குப் பேனரைத்தான் கொடுக்க வேண்டும், தத்துவத்தை அல்ல. பாமினியில் தட்டினால் அது சரியாக வந்தது.

எங்களுக்கு இது பாடமாக வந்தது ஒரு மலரால். எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்று ஆண்டு விழாவுக்காகத் தன் பழைய சிறப்பு மலரைத் திரும்ப வெளியிட விரும்பியது. அதன் கடைசிப் பக்கங்களில் ஆரம்ப காலப் பிள்ளைகளின் பெயர்கள், தகப்பன் பெயரோடும் தோட்டப் பிரிவோடும் இருந்தன. லயத்தில் இருந்த குடும்பங்களிடம் இப்படியான அச்சுக் காகிதம் எவ்வளவு குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். 1948 இல் பிரஜாவுரிமை போனது, 1964 ஒப்பந்தத்தில் குடும்பங்கள் பாதி அங்கே பாதி இங்கே ஆயின. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. பெயர் அச்சில் ஏறியிருப்பது சின்ன விடயமல்ல. அந்த மலரின் பிரதி ஒன்று பாடசாலையில் இருந்தது, பனிக்காற்றில் பக்கங்கள் ஒட்டிப்போய். அச்சிட்ட கடை மூடி வருடக்கணக்காகிறது. குடும்பத்தார் ஒரு சீடியைத் தேடித் தந்தார்கள். பூஞ்சணத்தைத் துடைத்துப் போட்டால் ஓடியது, ஃபைல்களும் திறந்தன. எழுத்துரு ஏழு. எங்களிடம் இருந்தது இரண்டு.

அப்போது பசறையில் ஒரு நானாவிடம் போனோம். முப்பது வருடம் தட்டச்சு வேலை பார்த்தவர், இப்போது கண் மங்கல். போட்டோஷொப்பில் ஒரு விசேஷம் உண்டு. எழுத்து லேயருக்கு நாம் பெயர் வைக்காவிட்டால், தட்டிய வாசகத்தையே அது பெயராக வைத்துக்கொள்ளும். ஆகவே லேயர் பட்டியலில் ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒரு நீண்ட வரிசை இருந்தது. நாங்கள் அதை எழுத்தெழுத்தாக வாசிக்க, நானா விரலை மேசையில் தட்டித் தட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். "கே... பெரிய எல்... அது 'மடு'. அடுத்தது சொல்லுங்க." எழுத்துரு இல்லாமலே அவர் விரல் வாசித்தது. ஆனால் எல்லா லேயரும் பாமினி முறையில் இல்லை. சில தலைப்புகள் வேறு முறையிலானவை. அங்கே அவர் விரலும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து இதை ஒரு வேலையாக எடுத்தோம். புதிய ஃபைல் எதுவானாலும் பழைய ஃபைல் எதுவானாலும், அதில் பாவித்த எழுத்துருக்களை அதே ஃபோல்டரில் சேர்த்து வைப்பது. இன்டிசைனில் 'பேக்கேஜ்' என்ற கட்டளை படத்தையும் எழுத்துருவையும் சேர்த்தே கட்டித் தரும். கோரல்ட்ரோவிலும் அப்படி ஒன்று உண்டு. போட்டோஷொப்பிலும் 'பேக்கேஜ்' என்று இருக்கிறது, ஆனால் அது வெளியே இணைத்த படங்களை மட்டும் சேர்க்கும், எழுத்துருவை விட்டுவிடும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே கையால்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு எழுத்து லேயராகத் தொட்டு மேலே வரும் எழுத்துருப் பெயரை ஒரு தாளில் குறிக்க வேண்டும். தொடுவதற்கு முன் ஃபைலின் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு முறை மாற்றெழுத்து ஏறிச் சேமித்தால் பழைய படமும் போய்விடும்.

பிறகு டிசைன் செய்த அதே கணினியில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எழுத்துரு ஃபோல்டரிலிருந்து பிரதி எடுக்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால் உடனே கைவிட வேண்டாம். புதிய விண்டோஸில் ஒருவர் தன் கணக்குக்கு மட்டும் நிறுவிய எழுத்துரு வேறு இடத்தில், அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும். இன்னொரு சிக்கல், ஃபைலின் பெயர் ஒன்றாகவும் உள்ளே எழுதியிருக்கும் எழுத்துருப் பெயர் வேறாகவும் இருக்கும். மென்பொருள் பார்ப்பது உள்ளே உள்ள பெயரை. 'பாமினி' என்பதையே ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' போட்டும் இரண்டு 'ஏ' போட்டும் எழுதிய இரண்டு எழுத்துருக்கள் சுற்றுகின்றன. ஒன்றைக் கேட்டால் மற்றதை அது ஏற்காது. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துரு என்றால் இன்னும் கஷ்டம். போட்டோஷொப் 2021 இலும் மற்ற அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியிலும் அந்த வகையைக் கைவிட்டுவிட்டன. எழுத்துரு கையில் இருந்தாலும் பழைய கணினி வேண்டும்.

பீடிஎப் எடுத்து வைத்தால் போதாதா என்று ஒரு சேர் கேட்டார். கட்டாயம் எடுத்து வையுங்கள், அதற்குள் எழுத்துரு பதிந்திருக்கும், தோற்றம் கெடாது. ஆனால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் வந்த எழுத்துகள் மட்டும்தான் பதிந்திருக்கும். அதிலிருந்து வாசகத்தைப் பிரதி எடுத்தால் பாமினியில் செய்தது கே, எல், வை என்றுதான் விழும். அச்சகங்களில் எழுத்தைக் 'கேர்வ்ஸ்' ஆக்கிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. எழுத்துரு இல்லாமல் எந்த மெஷினிலும் அச்சிடலாம், வாடிக்கையாளர் அடுத்த வருடம் வேறு கடைக்கும் போக முடியாது! ஆனால் அதற்குப் பிறகு அங்கே எழுத்து இல்லை, எழுத்தின் வடிவத்தில் கோடுகள் இருக்கின்றன. கேர்வ்ஸ் ஆக்குவதற்கு முந்திய ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தவர் நீங்கள்.

நமது பக்கத்துப் போஸ்டர் ஒன்றில் மூன்று நான்கு மொழி இருக்கும் என்பதால் வேலை இரட்டிப்பு. சிங்களத்திலும் இதே கதைதான். எஃப்எம் அபய போன்ற பழைய எழுத்துருக்களும் ஆங்கில அறையில் சிங்களத்தை வைத்தவை. ஆகவே அதையும் சேர்த்து எடுங்கள். அரபில் இன்னும் கவனம் வேண்டும். பழைய போட்டோஷொப்பில் மத்திய கிழக்குப் பதிப்பு அல்லாதவற்றில் அரபு எழுத்துகள் சேராமல், இடமிருந்து வலமாகத் தனித்தனியே நிற்கும். குர்ஆன் வசனம் அப்படி உடைந்து பேனரில் ஏறியதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நாங்கள். வசனத்துக்கு எழுத்துருவைச் சேர்ப்பதோடு, ஓர் ஆலிம் பார்த்துச் சரி என்று சொன்ன படத்தையும் அதே ஃபோல்டரில் வைக்கிறோம். திறந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

ஒரு நியாயமான கேள்வி, எழுத்துருவைப் பிரதி எடுப்பது ஹலாலா? எழுத்துரு ஒருவரின் உழைப்பு. சிலவற்றை விலைக்கு வாங்கியவர் மட்டுமே வைத்திருக்கலாம், பிறருக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் அவற்றை நாங்கள் உரியவரின் ஃபோல்டரிலேயே விடுகிறோம், வட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. புதிய வேலைகளுக்குத் திறந்த உரிமத்தில் வந்த யூனிகோட் எழுத்துருக்களைப் பாவிக்கச் சொல்கிறோம். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி என்று அழகானவை இலவசமாகவே இருக்கின்றன. ஃபைலோடு சேர்த்து யாருக்கும் கொடுக்கலாம்.

பழைய வாசகத்தை மாற்றுவதற்கும் வழி உண்டு. சுரதா யாழ்வாணன் செய்த 'பொங்குதமிழ்' மாற்றி பாமினியை யூனிகோட் ஆக்கித் தரும். மதுரைத் திட்டத்தில் 1998 முதல் ஏற்றிய இலக்கியங்கள் பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாறியதும் இப்படியான மாற்றம்தான். 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தில் நமது நாட்டு மலர்கள் ஏராளம் படமாக இருக்கின்றன. ஆனால் மாற்றிக்கு எந்த முறையிலிருந்து என்று நாம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எழுத்துருவின் பெயர் வேண்டும். பெயர் குறித்து வைக்காத ஃபைல் அங்கேயும் நின்றுவிடும்.

அந்த மலரின் ஏழில் இப்போது ஐந்து கிடைத்துவிட்டன. ஒன்று பதுளையில் ஒரு தம்பியின் பழைய கணினியில், ஒன்று வெலிமடைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், ஒன்று பெட்டியில் கிடந்த இன்னொரு சீடியில். பெயர்ப் பட்டியல் இருக்கும் நான்கு பக்கத்தில் மூன்று திறந்து, பிள்ளைகள் கணினி அறையில் யூனிகோடில் ஏற்றிவிட்டார்கள். நான்காவது பக்கத்தின் எழுத்துரு இன்னும் இல்லை. கனத்த எழுத்து, 'லை'யும் 'னை'யும் பழைய யானைத்துதிக்கை வடிவில் இருக்கும், 'ழ'வின் வால் மேல்நோக்கி வளையும். அதன் மாதிரிப் படத்தைக் கீழே கமண்டில் போடுகிறோம். பழைய கணினியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க முன், உள்ளே ஒரு தடவை பாருங்கள். கிடைத்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பென் டிரைவோடு நாங்களே வருகிறோம். பசறை, லுணுகலை, ஹொப்டன், எங்கே என்றாலும்.